ஐம்பத்தெட்டுக் கல்

நிலக்கரியில் ஓடும் மின் நிலையத்தில் கல்லுக்கு இருக்கிற மரியாதை பெரிய அதிகாரிக்குக்கூடக் கிடையாது. கரி ஏற்றும் பெல்ட் நின்றால் கல். பெல்ட் கிழிந்தால் கல். கரி மேலே போய்ச் சேரவில்லை என்றாலும் கல்தான். கல்லைக் கூப்பிட்டு விசாரிக்க முடியாது. அதற்கு மெமோ கொடுக்க முடியாது. கொடுத்தாலும் வாயைத் திறக்காது. பழியைப் போட அதைவிடத் தோதான ஆள் உலகத்தில் இல்லை.

இந்த உபாயத்தைக் கண்டுபிடித்தது அக்கா இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் ஒப்பந்த வேலைக்கு வந்தபோதே அது அங்கே வழக்கமாக இருந்தது. அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சண்டை போட்டால் முதலில் சமாதானத்துக்கு வருகிறவள் அவள் என்பதால் அந்தப் பட்டம். மூன்று மாதத்துக்கு முன்னால் மூன்றாம் நம்பர் கேலரியின் பதிவேட்டை அவள் கையில் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அந்த வழக்கத்துக்கும் அவளே வாரிசு.

கேலரி என்பது தகரத்தால் மூடிய ஒரு நீளச் சரிவு. கீழே கரி முற்றத்தில் தொடங்கி, மேலே கொதிகலனுக்குத் தீனி போடும் பங்கர் என்கிற பெரிய தொட்டிகள் வரை ஏறும். நடுவில் ரப்பர் பெல்ட் கரியைச் சுமந்துகொண்டு ஓடும். இரு பக்கமும் இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு. ஆபத்து என்றால் அதை இழுக்க வேண்டும். இழுத்தால் பெல்ட் நின்றுவிடும். ஊருக்கெல்லாம் வெளிச்சம் அனுப்புகிற இடம்தான். கேலரியில் மட்டும் பாதி பல்பு எரியாது.

அந்தத் தகரக் கூண்டுக்குள் நின்றால் அரை மணிக்கு ஒரு தடவை துண்டைப் பிழியலாம். பிழிந்த துண்டை எங்கே போடுவது? தரையில் போட்டால் கரி. தகரத்தில் போட்டால் துரு. இடுப்பு உயரத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்துக் கட்டிய கயிறு ஒன்று கண் முன்னால் சும்மா இருக்கும்போது யாருக்குத்தான் கை போகாது? ஒரு துண்டு போட்டால் கயிறு கண்டுகொள்ளாது. இரண்டு போட்டாலும் பொறுத்துக்கொள்ளும். மூன்றாவது ஈரத் துண்டு விழுந்ததும் யாரோ இழுத்த மாதிரி தொய்ந்துவிடும். பெல்ட் நின்றுவிடும். உடனே கண்ட்ரோல் ரூமிலிருந்து போன் வரும்.

"மூணாம் நம்பர், ஏன் நின்னுச்சு?"

"கல்லு சார்."

"பெருசா?"

"பெருசுதான் சார்."

"எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு சார்."

முடிந்தது. அக்கா பதிவேட்டில் தேதி, நேரம், காரணம் என்ற மூன்று கட்டத்தையும் நிரப்புவாள். மூன்றாவது கட்டத்தில் எப்போதும் அதே சொல். சாப்பாட்டு டப்பா பெல்ட்டில் விழுந்த அன்றும், கூட வேலை செய்யும் நெட்டையன் கயிற்றில் சாய்ந்தபடியே கண் அயர்ந்த அன்றும், ஒரு பூனையை இறக்கிவிட நிறுத்திய அன்றும் அதே சொல்தான். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். அக்கா கையில் இது மூன்று மாதம் ஓடியது. படிக்க ஆள் இல்லாத புளுகுக்கு ஆயுசு கெட்டி.

ஆள் வந்துவிட்டார். புதிதாக மாற்றலாகி வந்த இளம் இன்ஜினியர். கண்ணாடி போட்டவர். கரித்தூள் படிந்த கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே பாதி நாள் போய்விடும். மீதி நாளில் அவர் பதிவேடுகளைப் படித்தார். அங்கே அப்படி ஒரு காரியத்தை அதுவரை யாரும் செய்ததில்லை.

ஒரு நாள் காலை, கேலரி அடிவாரத்தில் அக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, ரெண்டு சேதி. முதல்ல நல்ல சேதி சொல்றேன். இந்த வருஷம் ஆறு பேரைப் பர்மனென்ட் ஆக்கறாங்க. நம்ம பிரிவுல உங்க பேரைத்தான் எழுதியிருக்கேன்."

அக்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள். பன்னிரண்டு வருஷம். அடையாள அட்டையை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பித்துக்கொண்டு, கேட்டில் காவல்காரன் ஏற இறங்கப் பார்ப்பதைச் சகித்துக்கொண்டு ஓட்டிய பன்னிரண்டு வருஷம்.

"எதுக்கு சார் என் பேரு?"

"மூணு மாசத்துல ஐம்பத்தெட்டுக் கல்லு. ஒண்ணுகூட பங்கருக்குப் போகாம பிடிச்சிருக்கீங்க. வேற எந்தக் கேலரியிலயும் நாலு அஞ்சுக்கு மேல இல்ல. இப்படி விழிப்பா வேலை செய்யற ஆளை நான் பார்த்ததில்ல."

பின்னால் நின்ற நெட்டையன் இருமினான். அவன் பக்கத்தில் நின்றவனுக்கு ரேடியோ என்று பெயர். போட்டால் நிற்காது என்பதால் வைத்தது. அவனே அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றான்.

"ரெண்டாவது சேதி என்ன சார்?"

"சுரங்கத்துக்கு எழுதிட்டேன். இவ்வளவு கல்லோட கரி அனுப்பினா எப்படின்னு. அவங்க ஒத்துக்கல. எங்க கரியில கல்லே வராதுங்கறாங்க. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஆள் வருது. எடுத்த கல்லையெல்லாம் கேலரி அடியில வரிசையா வச்சிடுங்க. எண்ணிப் பார்ப்பாங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்க முகத்துல கரியைப் பூசணும் அக்கா."

அவர் போன பிறகு மூவரும் கேலரி அடியில் இருந்த கல் குவியலைப் போய்ப் பார்த்தார்கள். ஒன்பது இருந்தன. அதில் இரண்டை உடைந்த சிமெண்ட் என்றுகூடச் சொல்லலாம்.

"ஒன்பதை ஐம்பத்தெட்டா ஆக்கணும்னா," என்றான் ரேடியோ, "ஒவ்வொண்ணையும் ஆறா உடைக்கணும். அப்பவும் நாலு குறையும்."

"உடைச்சா பெருசுன்னு எப்படிச் சொல்றது? ஒவ்வொரு தடவையும் பெருசுன்னுதானே போன்ல சொன்ன?" என்றான் நெட்டையன்.

"நான் மட்டுமா சொன்னேன்? உன் துண்டுக்காக நான் சொன்ன பொய்யை வரிசையா வச்சா இங்கேருந்து சுரங்கம் வரைக்கும் போகும்."

அக்கா இருவரையும் கையமர்த்தினாள். "பதிவேடு என் கையெழுத்து. பொய்யா எழுதினேன்னு தெரிஞ்சா பர்மனென்ட் கிடக்கட்டும், கேட்டுக்கு வெளியே நிக்க வேண்டியதுதான். இன்னும் நாப்பத்தொன்பது கல்லு வேணும். சாயங்காலத்துக்குள்ள."

கல்தானே, தெருவில் கிடக்காதா என்று நினைப்பவர்கள் மின் நிலையத்தைச் சுற்றிக் குடியிருந்து பார்க்க வேண்டும். பக்கத்தில் மலை கிடையாது. தரையெல்லாம் சாம்பல். உருப்படியான ஒரு கல் கிடைத்தால் அதை யாராவது வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வேலை கொடுத்துவிடுவார்கள். கூரைத் தகரம் பறக்காமல் இருக்கக் கல், கதவு அடிக்காமல் இருக்கக் கல், குழாயடியில் வழுக்காமல் நிற்கக் கல். ஆகவே ஷிப்ட் முடிந்ததும் மூவரும் தெருத் தெருவாகப் போய்க் கல் கடன் கேட்டார்கள். எதற்கு என்று கேட்டவர்களிடம் ரேடியோ ஆளுக்கு ஒரு காரணம் சொன்னான். ஒரு வீட்டில் அஸ்திவாரம் என்றான், அடுத்த வீட்டில் உடற்பயிற்சி என்றான். கூரையிலிருந்து பதினெட்டுக் கல் இறங்கியது. காற்று அடிக்காமல் இருக்க வேண்டுமே என்று தெருவே அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அக்காவின் புருஷன் சாம்பல் மேட்டில் தண்ணீர் தெளிக்கிற டேங்கர் லாரி ஓட்டுகிறவன். வீட்டு முன்னால் சரிவில் நிறுத்தி, சக்கரத்துக்கு அடியில் இரண்டு கல் வைத்திருந்தான்.

"அதையும் எடுத்தா வண்டியை எங்க நிறுத்தறது?"

"சமதரையில நிறுத்துங்க. ஊர்ல எல்லா வண்டியும் அப்படித்தான் நிக்குது."

முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தான். மாமியார்தான் மடங்கவில்லை. பின்பக்கத்தில் துணி துவைக்கிற கல்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"இது என் கல்லு. இந்த வீட்டுக்கு நான் வந்தப்ப இருந்து இருக்கு. நீ நேத்து வந்தவ."

"நான் வந்து இருபத்திரண்டு வருஷமாச்சு அத்தை."

"அதான் சொன்னேன்."

"பர்மனென்ட் ஆனா வீட்டுல எல்லாருக்கும் ஆஸ்பத்திரி அட்டை தருவாங்க அத்தை. உங்க முழங்காலுக்கு இலவசமா ஊசி போடலாம்."

மாமியார் தன் முழங்காலைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். "திருப்பிக் கொண்டுவந்து இதே பக்கம் மேல இருக்கற மாதிரி வைக்கணும்," என்று எழுந்துகொண்டாள்.

மறுநாள் ஆறு மணிக்கெல்லாம் எல்லாக் கல்லையும் டேங்கரிலேயே கொண்டுபோய் இறக்கி, கரித்தூளைத் தண்ணீரில் குழைத்துப் பூசினார்கள். பூசிய பிறகு அசலும் நகலும் அவர்களுக்கே தெரியவில்லை. வரிசையாக அடுக்கியதும் அக்காவுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. நிஜமாகவே இத்தனையையும் பிடித்திருந்தால் பர்மனென்ட் என்ன, சிலையே வைக்கலாம்.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. சுரங்கத்து அதிகாரி ஒருவர் இறங்கினார். அவர் பின்னால் ஒல்லியாக, முட்டி வரை கரி ஏறிய காற்சட்டையோடு ஒரு பெரியவர். அவர் கைவிரல்களைப் பார்த்ததும் அக்காவுக்குப் புரிந்துவிட்டது, நாற்காலியில் உட்காருகிற ஜாதி இல்லை என்று. நகம் எல்லாம் தேய்ந்து வெள்ளையாக இருந்தது.

"இவர் எங்க கல் பொறுக்குற ஆள்," என்றார் அதிகாரி. "வேகன்ல கரி ஏத்தறதுக்கு முன்னாடி கல்லைப் பொறுக்கி எடுக்கிற கும்பலுக்கு இவர்தான் தலைவர். ஒரு கல்லுகூட விடலன்னு அடம் பிடிக்கிறார். நீயே வந்து பாருய்யான்னு கூட்டிட்டு வந்தேன்."

அதிகாரி எண்ணத் தொடங்கினார். ஒவ்வொரு கல்லையும் பேனாவால் தொட்டு, நிதானமாக. கடைசிக் கல்லில் நிமிர்ந்தார்.

"ஐம்பத்தொன்பது இருக்கே."

அக்கா திரும்பிப் பார்த்தாள். தூரத்தில் டேங்கர் பக்கத்தில் நின்ற புருஷன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். ஒன்று சேர்த்துப் போட்டிருக்கிறான், குறைந்துவிடக் கூடாதே என்று.

"ஒண்ணு… இன்னும் எழுதல சார்," என்றாள் அக்கா.

"பார்த்தீங்களா, எழுதினதைவிட அதிகமாவே வருது," என்றார் பக்கத்தில் நின்ற கண்ணாடி இன்ஜினியர். இருவரும் குரலை உயர்த்திப் பேசிக்கொண்டே தள்ளிப் போனார்கள். யார் முகத்தில் கரி என்பது அவர்களுடைய கணக்கு.

கல் பொறுக்குகிறவர் மட்டும் வரிசைப் பக்கம் குனிந்து நடந்தார். ஒவ்வொரு கல்லாகப் பார்த்தார், கூட்டத்தில் தெரிந்த முகம் தேடுகிற மாதிரி. அந்த நேரம் பார்த்து மழை தூறியது. பெரிய மழை இல்லை, நாலு தூறல். அது போதும். கல்மேல் பூசிய கரி வழிந்தது. மாமியாரின் கல்லிலிருந்து மெல்ல, வெள்ளையாக, நுரை கிளம்பியது. எத்தனை வருஷத்துச் சோப்பு.

 இன்ஜினியரும் அதிகாரியும் பேச்சை முடித்துத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். கல் பொறுக்குகிறவர் நுரையைப் பார்த்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு செருப்புக் காலைத் தூக்கி அந்தக் கல்மேல் வைத்து, செருப்பு வாரைச் சரி செய்கிறவர் போலக் குனிந்துகொண்டார்.

"என்னய்யா, பார்த்தாச்சா?" என்றார் அதிகாரி.

"பார்த்துட்டே இருக்கேங்க."

அவர்கள் மழைக்குப் பயந்து கேலரி ஓரமாக ஒதுங்கினார்கள். காலை எடுக்காமலே அவர் தாழ்ந்த குரலில் பேசினார்.

"அக்கா, இதுல சோப்பு வாசனை வருது."

அக்கா கல் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதோ அது கூரையில இருந்த கல்லு. தகரத் துரு கோடு போட்டிருக்கு. இந்த ரெண்டும் சக்கரத்துக்கு அடியில கிடந்தது. பதினாறு வருஷமா கல்லைத்தான் பார்த்துட்டிருக்கேன். என் பொண்டாட்டி முகம்கூட இவ்வளவு பார்த்ததில்ல."

"அப்புறம் ஏன் கால வச்சீங்க?"

அவர் செருப்பு வாரை இழுத்துவிட்டுக்கொண்டார். "எங்க பக்கம் பதினாலு பேர் பொறுக்குறோம். இத்தனை கல்லை விட்டுட்டீங்கன்னு எல்லாரையும் வர்ற ஒண்ணாந்தேதி நிறுத்தப் போறாங்க. நான் சொன்னா நீங்க போயிடுவீங்க. சொல்லாட்டி நாங்க போயிடுவோம். என்ன செய்யறதுன்னு தெரியல. காலு தானா போயிடுச்சு."

அக்காவுக்கு அந்தப் பதினாலு பேரின் முகம் தெரியாது. ஆனால் நகம் தெரிந்துவிட்டது. அதுதான் வம்பாகப் போயிற்று. முகம் தெரியாத சுரங்கத்தின் தலையில் எத்தனை கல்லை வேண்டுமானாலும் போடலாம். நகம் தேய்ந்த ஆளின் தலையில் போட மனம் வரவில்லை. ஆஸ்பத்திரி அட்டை ஒரு தடவை கண் முன்னால் வந்து போனது. கேட்டில் காவல்காரன் எழுந்து நிற்கிற மாதிரி அவள் பன்னிரண்டு வருஷமாகக் கட்டி வைத்திருந்த படமும் வந்து போனது.

"கால எடுங்க அண்ணே. செருப்பு வழுக்கும்," என்றாள்.

பிறகு கேலரி ஓரத்துக்கு நடந்து போய், இன்ஜினியர் முன்னால் நின்றாள்.

"சார், அது கல்லு இல்ல."

"எது?"

"ஐம்பத்தெட்டுல ஒன்பதுதான் கல்லு. மீதி துண்டு."

இன்ஜினியர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார், பார்த்தால் சரியாகக் கேட்கும் என்பது போல. "என்ன துண்டு? கல் துண்டா?"

"துவட்டுற துண்டு சார்."

சொன்னால் நம்புகிற விஷயமா? நம்பவில்லை. ஆகவே எல்லோரையும் படியேற்றி மேலே அழைத்துப் போனாள். நெட்டையன் துண்டைக் கொடுத்தான். ரேடியோ தன்னுடையதைக் கொடுத்தான். இரண்டையும் நனைத்துப் பிழிந்து கயிற்றில் போட்டாள். பெல்ட் ஓடியது. தன் துண்டையும் போட்டாள். பெல்ட் நின்றது. மறு நொடி போன் மணி அடித்தது. பக்கத்தில் நின்றவர் என்பதால் இன்ஜினியர் எடுத்தார்.

"மூணாம் நம்பர், ஏன் நின்னுச்சு?" கேலரியின் அமைதியில் எல்லோருக்கும் கேட்டது.

இன்ஜினியர் வாயைத் திறந்தார். மூடினார். சுரங்கத்து அதிகாரி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"துண்டு," என்றார் கடைசியில்.

"எது?"

"துண்டு."

"எந்தத் துண்டு சார்? யாரோட துண்டு? அது எப்படி பெல்ட்டுக்கு வந்துச்சு?"

பெல்ட்டில் இல்லை, கயிற்றில் என்று சொல்ல ஐந்து நிமிஷம். கயிற்றில் ஏன் என்று சொல்லப் பத்து நிமிஷம். அதற்குள், முன்பே கரி குறைவாக இருந்த பங்கர் காலியாகி, மின்சாரம் தயாரிக்கும் யூனிட் ஒன்றின் உற்பத்தியைக் குறைக்க வேண்டி வந்தது. ஊரில் எங்கேயோ நாலு தெருவில் மின்விசிறி நின்றிருக்கும். அந்தத் தெருக்காரர்கள் யாரை யாரையோ திட்டியிருப்பார்கள்.

சுரங்கத்து அதிகாரி வெற்றிச் சிரிப்போடு ஜீப்பில் ஏறினார். அவர் கையில் இன்ஜினியர் எழுதிக் கொடுத்த காகிதம் இருந்தது: சுரங்கத்தின் மேல் புகார் இல்லை, கல் பொறுக்குகிறவர்களில் ஒருவரையும் நிறுத்த வேண்டியதில்லை. கல் பொறுக்குகிறவர் ஏறுவதற்கு முன்னால் அக்காவிடம் வந்தார். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை.

"அந்த ஒன்பதுல ரெண்டு எங்களோடதுதான். பார்த்ததும் தெரிஞ்சுது. தப்பிப் போயிருக்கு," என்றார். ஜீப் போய்விட்டது.

இன்ஜினியர் அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் பட்டியல் இருந்தது. அவள் பெயர் மேல் நேராக ஒரு கோடு, அளவுகோல் வைத்துப் போட்டது.

"வேலையை விட்டு எடுக்கலை," என்றார். "அதுக்கு நான் பெரிய காகிதம் எழுதணும். எழுதினா துண்டு காயப்போட ஒரு கொடி கட்டித் தராம இத்தனை நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு என்னைக் கேப்பாங்க. ஆனா இந்தப் பட்டியல் முடிஞ்சு போச்சு அக்கா."

"சரி சார். ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"பேரை அடிச்சது பொய்யா எழுதினதுக்கா, உண்மையைச் சொன்னதுக்கா?"

அவர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "ரெண்டுக்கும் ஒரே கட்டம்தான் இருக்கு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. முந்தினது சிரிப்பு என்பதால் அதோடு வெளியே வந்துவிட்டாள்.

சாம்பல் மேட்டில் புருஷன் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். அவள் நடந்து வருகிற விதத்தைப் பார்த்ததுமே குழாயை மூடினான். நடந்ததை எல்லாம் சொன்னாள். அவன் சாம்பலைக் காலால் கிளறிக்கொண்டே கேட்டான். 

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றான். "நீ பர்மனென்ட் ஆயிட்டா என்னைவிடப் பெரிய ஆள் ஆயிடுவியேன்னு நேத்தெல்லாம் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம்."

"அந்தப் பயத்தோடதான் ஒரு கல்லு கூடச் சேர்த்துப் போட்டீங்களா?"

"பயம் வேற, கல்லு வேற."

அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். சாம்பல் படிந்து, வயசுக்கு மீறி நரைத்த மாதிரி இருந்தது. "இப்பப் போயிடுச்சா, பயம்?"

"பாதி போச்சு."

"மீதியைப் பத்திரமா வச்சுக்கங்க. அடுத்த வருஷம் மறுபடி பட்டியல் போடுவாங்க," என்று சொல்லிவிட்டு, அவள் கேலரிப் பக்கம் நடந்தாள். பங்கர் காலியாக இருந்தது. ஷிப்ட் முடிய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.